பேசாமல் விட்ட கூலி



நம் வீட்டு நிக்காஹ்வில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது நின்றுகொண்டே இருக்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். கையில் கேமரா, தோளில் பை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அழைத்தால் வேலை, அழைக்காவிட்டால் இல்லை. "கூலி எவ்வளவு?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டால், "நம்ம தம்பிதானே, பார்த்துச் செய்யலாம்" என்று முடித்துவிடுகிறோம். கடைசியில் ஒரு தொகையைக் கையில் வைக்கிறோம். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்.

படம் எடுப்பது பற்றிய மார்க்கச் சட்டம் தனித் தலைப்பு. இன்று நாம் யோசிக்க வேண்டியது இதுதான்: அவரே ஒப்புக்கொண்டார் என்பதால் மட்டும் நாம் கொடுத்த கூலி நியாயமாகிவிடுமா?

ஒரு நாள் கூலியின் கணக்கு

பேச்சுக்கு, ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "ஒரே நாளில் ஆறாயிரமா!" என்கிறோம். லென்ஸ் வாடகை 1,500, உதவிக்கு வந்த பையனுக்கு 800, பெட்ரோல் 500. மிச்சம் 3,200. மணப்பெண் வீட்டில் காலை 6 மணிக்குத் தொடங்கி, இரவு வரவேற்பு முடிய 10 மணி என்றால் 16 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய். கேமராவின் தேய்மானம் இதில் சேரவில்லை. நிக்காஹ் இல்லாத மாதங்களும் சேரவில்லை. நம் கண்ணுக்கு 6,000 தெரிகிறது, அவர் வீட்டுக்குப் போவது வேறு தொகை.

ஒப்புதல் என்றால் என்ன?

கொடுக்கல் வாங்கல் இரு தரப்பின் மனப்பூர்வமான சம்மதத்தோடு இருக்க வேண்டும் என்று திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தருகிறது. வாயால் "சரி" என்பது மட்டும் சம்மதம் ஆகாது. பத்துப் பேர் முன்னிலையில் ஒருவரிடம் கேட்டு, அவர் வெட்கப்பட்டுக் கொடுத்த பொருளை, அடித்துப் பறித்த பொருளோடு ஒப்பிட்டார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். சாட்டை உடம்பில் விழுந்தாலும் உள்ளத்தில் விழுந்தாலும் சாட்டைதான்.

இப்போது நம் வார்த்தைகளை எடைபோட்டுப் பாருங்கள். "சொந்தக்காரங்ககிட்ட போய் ரேட் பேசுறியா?", "அடுத்த கல்யாணமும் உனக்குத்தான்", "வேற ஆள் இதைவிடக் குறைவா வர்றார்." இவற்றைக் கேட்டு அவர் குறைத்துக்கொண்டது சம்மதத்தாலா, வெட்கத்தாலும் தேவையாலுமா? அவரிடம் கேட்டால் "பரவாயில்லை பாய்" என்றுதான் சொல்வார். அந்தப் பரவாயில்லைக்குப் பின்னால் வீட்டு வாடகை இருக்கிறது.

கூலி பேசாமலே வேலை நடந்துவிட்டால், அந்த வேலைக்கு அந்த ஊரில் வழக்கமாக என்ன கொடுக்கப்படுகிறதோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் சட்டம். இதற்கு உஜ்ரத்துல் மிஸ்ல் என்று பெயர். "பார்த்துச் செய்யலாம்" என்ற சொல், நம் விருப்பத்துக்குக் கொடுக்கும் உரிமையை நமக்குத் தந்துவிடவில்லை.

மத்யனில் நடந்த பேச்சு

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது வீடு இல்லை, வேலை இல்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை. அந்த நிலையிலும் இரண்டு பெண்களின் கால்நடைகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, கூலி கேட்காமல் நிழலில் ஒதுங்கினார்கள். அப்பெண்களின் தந்தை "இலவசமாகச் செய்தார், லாபம்" என்று இருந்துவிடவில்லை. அந்த வேலைக்குரிய கூலியைக் கொடுக்க ஆளனுப்பி அழைத்தார்.

பிறகு வேலை ஒப்பந்தம் பேசப்பட்டது. 8 ஆண்டுகள் கடமை. 10 ஆக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். உங்களைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்று அந்தப் பெரியவர் தெளிவுபடுத்தினார். மூஸா (அலை) அவர்களும் வாய்மூடி இருக்கவில்லை. இரண்டில் எந்தத் தவணையை நிறைவேற்றினாலும் என் மீது வரம்பு மீறக் கூடாது என்று தம் பக்கத்தைச் சொன்னார்கள். 28ஆம் அத்தியாயத்தில் இது இருக்கிறது.

எதிரே இருப்பவர் எவ்வளவு தேவையில் இருக்கிறார் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியும். அந்தத் தேவையை வைத்து அவர் பேரம் பேசவில்லை. கடமையையும் விருப்பத்தையும் தனித்தனியே பிரித்து வைத்தார். நாமோ பேசிய நேரத்துக்கு மேல், "இன்னும் ஒரு மணி நேரம் இருங்க தம்பி" என்று விருப்பத்தைக் கடமையாக்கிவிடுகிறோம்.

பள்ளிவாசல் நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும். "அல்லாஹ் கூலி தருவான்" என்பது உண்மை. தம் உழைப்பை நன்மையாகக் கொடுப்பதா என்பதை உழைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவருக்காக நிர்வாகம் முடிவு செய்யக் கூடாது.

கேமரா பிடிக்கும் சகோதரரே!

கூலி பேசுவது பேராசை அல்ல. பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு நான்கு பேரிடம் குறை சொல்வது பொறுமையும் அல்ல. எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எந்தத் தேதியில், கூடுதல் நேரத்துக்கு என்ன என்பதை வேலைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது. எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் என்றால் அல்லாஹ் அதைக் கற்றுத் தந்திருப்பானா?

ஆனால் பொய் சொல்லாதீர்கள். வராத அழைப்பை வந்ததாகச் சொல்லி விலையை ஏற்றாதீர்கள். இன்னொரு சகோதரர் பேசி முடித்த வேலையைக் குறைந்த தொகை சொல்லித் தட்டிப் பறிக்காதீர்கள்.

உங்களோடு லைட் பிடிக்க வந்த அந்தப் பையனையும் நினைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கூலி தாமதமானால் கொதிக்கிறீர்கள். அவனிடம் "பார்ட்டி இன்னும் தரலை" என்கிறீர்கள். தமக்கு வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்குக் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்பவர்களுக்கு எச்சரிக்கையாகவே 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அந்த எச்சரிக்கை தராசு வைத்திருக்கும் கடைக்காரருக்கு மட்டும் உரியதல்ல.

அன்பிற்குரியவர்களே! உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழி இப்னு மாஜாவில் உள்ளது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரியில் உள்ளது. அந்த நாளில் எதிர்த்தரப்பில் அல்லாஹ்வே நின்றால், "அவரே ஒப்புக்கொண்டார்" என்ற பதில் நமக்குப் பயன்படுமா?

இன்று வீட்டுக்குப் போனதும் யோசியுங்கள். சென்ற நிக்காஹ்வில் யாருக்காவது பாக்கி இருக்கிறதா? குறைத்துக் கொடுத்துவிட்டோம் என்று மனம் உறுத்துகிறதா? அவருடைய எண் உங்கள் கைபேசியில் இருக்கும். அவர் கேட்பதற்கு முன் நீங்கள் அழையுங்கள்.

உழைப்பவரின் உரிமையை உணர்ந்து கொடுப்பவர்களாகவும், தம் உரிமையை உண்மை பேசிக் கேட்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.