தவணையும் மானாவாரியும்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து, தை, மாசியில் விளைச்சல் வீடு வந்து சேர்ந்தால்தான் கையில் காசு பார்க்க முடியும் என்ற நிலையில், பருத்தியும் மல்லியும் மிளகாயும் பயிரிட்டு ஜீவனம் செய்கின்ற அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல்காட்டு விவசாயி, மாதந்தோறும் குறித்த தேதியில் தவணை கட்டுவதாக ஒப்புக்கொண்டு மோட்டார் சைக்கிள் வாங்குவது, தம் கையில் இல்லாத மழையின் பேரில் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதியே ஆகும். 80,000 ரூபாய்க் கடனை 12 சதவீத வட்டிக்கு வாங்கி, மூன்று வருஷத்துக்கும் முழு முதலின் மீதே வட்டியைக் கணக்கிட்டால், வட்டி மட்டும் 28,800 ரூபாய். தவணை ஏறக்குறைய 3,022 ரூபாய். மாதாமாதம் முதல் குறைந்து வருவதை உத்தேசித்துப் பார்த்தாலோ, உண்மையான வட்டி விகிதம் சுமார் 21 சதவீதம். இதை விளக்கிச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். தகுதி இருந்தால் மேலும் ஐந்து வருஷம் நீட்டலாம். தவணை தீர்ந்தபின் எண்ணெய் மாற்றி, சங்கிலியைப் பேணி, பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டு, அறுவடைக்கு அறுவடை தபால் நிலையத்தில் சேமித்து வந்தால் அடுத்த வண்டியை ரொக்கமாகவே வாங்கிவிடலாம். விடியுமுன் பூச்சந்தைக்கு மல்லிகை கொண்டுசெல்ல வண்டி இன்றியமையாதவருக்குக் கடன் குற்றமன்று; அவர் குறையும் முதலுக்கான வட்டியைக் கேட்டு வாங்கட்டும், கடன் தீர்ந்ததும் பதிவுச் சான்றிலுள்ள அடமானக் குறிப்பை மறவாமல் நீக்கிக்கொள்ளட்டும்.