முதல் தொகுதியில் ஒரு கரடி

இதை எழுதுபவரிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. படித்து முடிக்கும் ஒவ்வொரு மங்கா தொகுதிக்கும் அதில் ஓரிரு வரி, வரியின் முடிவில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். ‘ஓஓக்கு’ முதல் தொகுதிக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறது: “நிதானம் ஜாஸ்தி. அந்தப்புர விவகாரம் பரவாயில்லை. தொடக்கத்தில் வரும் கரடி, சிவபூஜையில் புகுந்த கரடி. 3/5.”

அந்தக் கரடி வாக்கியத்தை இப்போது படித்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

‘ஓஓக்கு’ ஃபுமி யோஷினாகா 2004இல் தொடங்கி 2020 வரை எழுதி வரைந்த தொடர். மொத்தம் 19 தொகுதிகள். 1603 முதல் 1868 வரை ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஷோகன்களின் எடோ கோட்டை அந்தப்புரத்துக்குத்தான் அந்தப் பெயர். நிஜத்தில் அது பெண்களின் கூடம். யோஷினாகா வரலாற்றுக்குள் ஒரே ஒரு பொய்யைச் சொருகுகிறார். இளம் ஆண்களைத் தேடிக் கொல்லும் ‘செம்முக அம்மை’ என்று ஒரு நோய். ஆண்களில் நாலில் மூன்று பங்கு போய்விட, வயலிலும் கடையிலும் அரியணையிலும் பெண்கள் உட்காருகிறார்கள். அந்தப்புரம் ஆண்களால் நிரம்புகிறது. பேய் கிடையாது, மந்திரம் கிடையாது. ஷோகன்களின் வரிசை, அவர்கள் போட்ட சட்டங்கள், நடந்த ஊழல்கள் எல்லாம் பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே நடக்கின்றன. 1630களில், மூன்றாம் ஷோகன் இயெமிட்சு காலத்தில், ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தியது வரலாறு. ஏன் சாத்தியது? நாட்டில் ஆண்கள் இல்லை என்ற சேதி வெளியே போய்விடக் கூடாதே என்பதற்காக, என்கிறது கதை. புளுகு என்று தெரிந்தும் தலையாட்டத் தோன்றுகிறது.

வரலாற்றுக் கற்பனைக் கதைக்கு மதிப்பெண் போடுவதில் முதல் சிக்கல் இங்கேதான். சரித்திரத்தை எவ்வளவு ஒழுங்காகச் சொன்னார் என்று பார்ப்பதா, பொய்யை எவ்வளவு நேர்த்தியாகச் சொன்னார் என்று பார்ப்பதா? பொய் ஒன்றுதான், அதன் விளைவுகள் மட்டும் வீடு வீடாக, தலைமுறை தலைமுறையாகப் பெருகுகின்றன என்றால் விளைவுகளைப் பார்த்தல்லவா மதிப்பெண் போட வேண்டும்? முதல் தொகுதியில் விளைவு எங்கே இருக்கும்?

இரண்டாவது சிக்கல் தொகுதி என்பதே. மங்கா முதலில் பத்திரிகையில் அத்தியாயம் அத்தியாயமாக வரும். ஒரு புத்தகத்துக்கான பக்கம் சேர்ந்ததும் தொகுதியாகக் கட்டுவார்கள். கதை எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே தொகுதி முடியும் என்று உத்தரவாதம் இல்லை. கொயோஹாரு கோதோகேயின் ‘டீமன் ஸ்லேயர்’ 205 அத்தியாயம், 23 தொகுதி; தொகுதிக்குச் சுமார் ஒன்பது அத்தியாயம். அதில் புகழ்பெற்ற ரயில் கதை ஏழாம் தொகுதியில் ஏறி எட்டாம் தொகுதியில் இறங்குகிறது. காலம் தைஷோ, அதாவது 1912க்கும் 1926க்கும் இடைப்பட்டது. பொது இடத்தில் வாள் ஏந்தக் கூடாது என்ற சட்டம் 1876இலேயே வந்துவிட்டதால், பேய் வேட்டைக்குக் கிளம்பிய பையன்கள் ரயில் நிலையத்தில் போலீஸைக் கண்டு ஓடுகிறார்கள். அவர்களில் காட்டில் வளர்ந்த ஒருவன், ரயிலை ஏதோ மிருகம் என்று நினைத்துத் தலையால் முட்டுகிறான். சிரிப்பாக இருக்கும். நோட்டில் ஏழாம் தொகுதிக்கு 3. எட்டாம் தொகுதியில் ஒரு மரணம் (படிக்காதவர்களுக்காகப் பெயர் சொல்லவில்லை), அதற்கு 5. ஏழில் அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எட்டில் அந்த அழுகை வருமா? ரயிலைப் பெட்டி பெட்டியாக எடை போட்ட கதைதான்.

மதிப்பெண் போடுவது வாசகனின் சொந்த விளையாட்டு, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஜப்பானில் அது விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. 1968இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ இதழோடு ஓர் அஞ்சலட்டை வரும். இந்த இதழில் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்ப வேண்டும். ஆசிரியர் குழு எண்ணிப் பார்க்கும். தொடர்ந்து கடைசி வரிசையில் நிற்கும் கதை, பத்திருபது வாரத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெரிய கையும் இதில் தப்பவில்லை. ஒசாமு தெஸூக்கா 1967இல் வேறொரு வார இதழில் ‘டோரோரோ’வைத் தொடங்கினார். போர்க்காலப் பிரபு ஒருவன் அதிகாரத்துக்காகத் தன் பிறக்காத பிள்ளையின் உடலை 48 பேய்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். கண், காது, கை, கால் இல்லாமல் பிறந்த பிள்ளை வளர்ந்து, ஒவ்வொரு பேயாகக் கொன்று ஒவ்வோர் உறுப்பாக மீட்கிறான். இதைவிட நல்ல கரு கிடைப்பது அரிது. இருட்டு அதிகம், வாசகர் ஆதரவு போதவில்லை. 1968இல் தொடர் நின்றது. அடுத்த ஆண்டு இன்னொரு பத்திரிகையில் தொடர்ந்து, அவசர அவசரமாக முடிந்தது. மிச்சப் பேய்கள் மிச்சமாகவே இருக்கின்றன. அந்த வாரங்களில் அதற்கு வாக்களிக்காமல் விட்ட சிறுவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. அந்த வாரம் எது பிடித்ததோ அதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

திரும்பக் கரடிக்கு வருவோம்.

முதல் தொகுதி மலைக்கிராமம் ஒன்றில் தொடங்குகிறது. ஒரு சிறுவனைக் கரடி தாக்குகிறது. பிறகு அவனுக்கு அம்மை காண்கிறது, ஊருக்குப் பரவுகிறது, நாட்டுக்குப் பரவுகிறது. வாசகர் கரடியை அங்கேயே விட்டுவிட்டு அரண்மனைக்குப் போய்விடுகிறார். அங்கே எட்டாம் ஷோகன் யோஷிமுனே, சிக்கனக்காரப் பெண், கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். பெண்கள் ஏன் ஆண் பெயர் வைத்துக்கொள்கிறோம்? டச்சுக் கப்பலில் வருகிறவர்கள் எல்லாரும் ஏன் ஆண்களாகவே இருக்கிறார்கள்? கோட்டையில் ஒரு கிழ எழுத்தர் பாதுகாத்து வரும் ரகசியக் குறிப்பேட்டைத் திறக்கிறாள். அத்தோடு தொகுதி ஓய்கிறது. ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அதனால்தான் அந்த 3.

அந்தக் குறிப்பேட்டைத் திறந்துகொண்டுதான் கதை இரண்டாம் தொகுதியில் எண்பது தொண்ணூறு ஆண்டு பின்னால் போகிறது. பிறகு மெல்ல முன்னேறி எட்டு, ஒன்பது, பத்தாம் தொகுதிகளில் மருத்துவத்துக்கு வருகிறது. வரலாற்றில் 1728 முதல் 1780 வரை வாழ்ந்த ஹிராகா கென்னாய் என்ற பல்கலை வித்தகர் இங்கே ஆண் வேடத்தில் திரியும் பெண். டச்சு ரத்தம் கலந்த அவோனுமா என்ற வைத்தியனை அந்தப்புரத்துக்கு அழைத்து வருகிறாள். அவன் லேசாக அம்மை கண்டவரின் சீழை எடுத்து மற்றவர்களுக்கு ஏற்றி நோயைத் தடுக்கப் பார்க்கிறான். பலிக்கிறது. ஆனால் குத்திக்கொண்டவர்களில் மிகச் சிலர் இறக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பெரிய இடத்துப் பிள்ளை. பிழைத்தவர்களை யாரும் எண்ணவில்லை. வைத்தியனின் தலை போகிறது. நோட்டில் பத்தாம் தொகுதிக்கு 5, பக்கத்தில் பேனா அழுத்திய தடம்.

அதற்கும் பிறகு, மிஞ்சிய மாணவர்கள் வேறு வழி தேடும்போதுதான் கரடி திரும்பி வருகிறது. கரடிக்கும் அந்த நோய் வரும், அதனிடமிருந்து எடுப்பது மனிதருக்குப் பாதுகாப்பானது என்று கண்டுபிடிக்கிறார்கள். நிஜத்தில் எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு செய்ததுதான். பசு நின்ற இடத்தில் கரடி நிற்கிறது. நிஜத்தில் ஜென்னரின் தடுப்பு மருந்து நல்ல நிலையில் நாகசாகிக்கு வந்து சேர 1849 ஆயிற்று.

நோயைக் கொண்டுவந்த கரடியே மருந்தையும் கொண்டுவருகிறது. முதல் தொகுதியின் முதல் பக்கங்களில் வைத்ததை, பத்துத் தொகுதி தாண்டி எடுக்கிறார் யோஷினாகா. ஜப்பானிய வாசகருக்கு அது ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. முதல் தொகுதியை 2005இல் இருபது வயதில் வாங்கியவருக்கு, கடைசித் தொகுதி 2021இல் வந்தபோது முப்பத்தாறு வயது. இடையில் அவர் எத்தனை ஆண்டுகளை ‘உருப்படாத வருஷம்’ என்று ஒதுக்கியிருப்பார், எத்தனை பேரை முதல் சந்திப்பிலேயே மூன்று மதிப்பெண் போட்டு ஓரம் கட்டியிருப்பார்? இதை எழுதுபவரிடமும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. அது எந்த நோட்டிலும் இல்லை. எழுதி வைக்காத மதிப்பெண்ணைத் திருத்துவது கஷ்டம், ஏனென்றால் போட்டதே மறந்துபோகிறது. மனிதர் மட்டும் ஓரத்திலேயே நிற்கிறார்.

நோட்டை நிறுத்திவிடலாமா என்று அவர் யோசித்ததுண்டு. நிறுத்தவில்லை. மதிப்பெண் போட்டிராவிட்டால் கரடியைத் தான் கவனிக்கவில்லை என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது; முதலிலிருந்தே புரிந்தது என்று தானும் நம்பி ஊரையும் நம்ப வைத்திருப்பார். வாசகர்கள் விடும் கரடி அது.

பழைய 3ஐ அடிக்கவில்லை. பக்கத்தில் பச்சை மையில் 4½ என்று போட்டிருக்கிறது. அரை மதிப்பெண் பிடித்தது யோஷினாகாவிடம் அல்ல, ஆங்கில மொழிபெயர்ப்பிடம்: எடோ காலத்து ஆட்கள் எல்லாரும் ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து வழி தவறி வந்தவர்கள்போலப் பேசுகிறார்கள். பழகச் சில தொகுதிகள் பிடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பென்சிலில் போடுங்கள், கரடியை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள்.