யாருடைய ஒலி?

போன செமஸ்டர் லீவில் ஓர் அக்காவிடம் யமஹா டிஎக்ஸ்7 வாங்கினேன். 1983-இல் வந்த சிந்தசைசர். அவருடைய அப்பா பஜனைக்கு வாசித்ததாம். 300 வெள்ளி கேட்டார். பல மடங்கு போகும் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கல. தேடிப் படிச்ச உழைப்புக்குக் கூலி என்று சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

நினைவகத்தில் 32 ஒலிகள். பாதி அந்த அப்பாவே அமைத்தவை. ஒன்றுக்கு அக்காவின் பெயர். எஃப்எம் முறையில் ஒரு ஒலிக்கு ஆறு ஆபரேட்டர்களோடு மல்லுக்கட்டணும், சும்மா வராது. உள்ளே பற்றவைத்த பேட்டரி செத்தால் எல்லாம் அழியும். மிடி வழியாக லேப்டாப்பில் சேமித்துவிட்டேன்.

கருவிக்குக் காசு கொடுத்தேன். இந்த ஒலிகளுக்கு? உழைப்புதான் கணக்கென்றால் அவர் உழைப்பு எங்கே போச்சு?

நாளைக்கு அக்காவுக்குப் போன் போடணும். முதலில் விலையைச் சொல்லணும்; அதுதான் தொண்டையில் நிக்குது.