கைரேகைக்குப் பின்னால் யார் விருப்பம்?

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தான செட்டில்மென்ட் பத்திரம் பதிவாக அதிக நேரம் பிடிப்பதில்லை. முதியவர் கேமரா முன் உட்காருகிறார், பெயரைச் சொல்கிறார், விரலை வைக்கிறார். "சம்மதம்தானே?" என்றால் தலையாட்டுகிறார். அவரை ஆட்டோவில் ஏற்றி வந்தவரும், வேளைக்கு மாத்திரை கொடுப்பவரும், வீட்டைப் பெறப்போகிறவரும் பல சமயம் ஒரே ஆள்தான்.

அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வயதாலோ நோயாலோ மனத்திறன் குன்றியவரோடு ஒப்பந்தம் செய்பவர், அவரை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவராகவே 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கருதுகிறது. 2003-இல் உச்ச நீதிமன்றம் ஒரு செட்டில்மென்ட் வழக்கை விசாரித்தது. எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்டவருக்கு வயது 100-க்கு மேல். பக்கவாதம், படுத்த படுக்கை, எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரம் நேர்மையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு சொத்தைப் பெற்றவர்களுடையதே என்றது நீதிமன்றம்.

இதைவிட ஆழமாகப் போனது சிங்கப்பூரிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்று, 1929-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான வழக்கு. எழுத்தறிவில்லாத மலாய் மூதாட்டி, தன் விவகாரங்களைக் கவனித்துவந்த உறவினருக்குச் சொத்தை எழுதிக்கொடுத்தார். வழக்கறிஞர் பத்திரத்தை விளக்கினார், மூதாட்டிக்கும் புரிந்தது. ஆனாலும் தானம் செல்லாமல் போனது. ஏறக்குறைய எல்லாச் சொத்தும் கைமாறுகிறது என்பது அந்த வழக்கறிஞருக்கே தெரியாது. உயில் எழுதினாலே போதும், அதுவே பாதுகாப்பு என்று அவர் சொல்லவும் இல்லை. பத்திரம் புரிந்தது, ஆனால் வேறு வழி இருப்பது தெரியவில்லை. அறத்தின் கண்ணில் அது முழுச் சம்மதம் ஆகாது.

பெற்றவரெல்லாம் சந்தேகத்துக்குரியவரா என்றால், இல்லை. பத்து வருடம் மலஜலம் எடுத்த மகளுக்கு வீட்டைக் கொடுக்கத் தாய் விரும்புவது இயல்பு. மறதி தொடங்கிவிட்டதாலேயே அந்த உரிமையைப் பறிப்பதும் கொடுமைதான். 1978-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று நல்ல அளவுகோல் தந்தது: சிறு பரிசுக்குக் கொஞ்சம் தெளிவு போதும், இருக்கும் ஒரே வீட்டைக் கொடுக்க, உயில் எழுதுவதற்கு வேண்டிய தெளிவு வேண்டும். நேர்மையான மகளுக்கு இதில் நஷ்டமில்லை. தாய் வேறொரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசும்வரை அவள் வெளியே காத்திருக்கலாம்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு 2007-இலேயே வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது 2022-இல் உச்ச நீதிமன்றம். இந்தச் சட்டத்துக்குத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது 2025-இல். ஆனால் அதற்குப் பெரும்பாலும் தாயே மகன்மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். எத்தனை தாய்மார் அதற்குத் துணிவார்கள்? அதனால்தான் கேட்க வேண்டியதைப் பதிவுக்கு முன்பே, பெறுபவர் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டியிருக்கிறது: இதைக் கொடுத்தபின் உங்களுக்கென்று என்ன மிஞ்சும்? உயிலாக எழுதினால் ஆகாதா? ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைப் பத்திரத்தில் சேர்த்தாயிற்றா?