சுக்கானில்லாத படகு

ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. வெளியே சுழலும் விசிறியும் கிடையாது. அடிப்பலகையிலுள்ள சல்லடை வழியே எஞ்சின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி, பின்புறத்து நாசில் வழியே பீச்சியடிக்கிறது. அதன் எதிர்விளைவில் படகு முன்னே பாய்கிறது. நாசிலின் முனையைத் திருப்பினால் பீச்சல் திரும்பும், படகும் திரும்பும். நியூஸீலாந்தின் தெற்குத் தீவில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த வில்லியம் ஹாமில்டன் 1950களில் இதைச் செப்பம் செய்தார். அங்குள்ள ஆறுகள் கூழாங்கற்களின் மேல் பல கிளைகளாகப் பிரிந்து, பல இடங்களில் முழங்காலளவுகூட இல்லாமல் ஓடுபவை. கீழே தொங்குவது எதுவானாலும் உடையும். ஒன்றும் தொங்கக்கூடாது என்பதே இந்தப் படகின் தத்துவம். 1960இல் கிராண்ட் கான்யன் வழியாகக் கொலராடோ ஆற்றை எதிரோட்டத்தில் ஏறியதும், 1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கையின் முகத்துவாரத்தில் புறப்பட்டு, நந்தப்பிரயாகை அருகே ஒரு நீர்வீழ்ச்சி மறிக்கும்வரை மேலேறியதும் இவ்வகைப் படகுகளில்தான்.

இந்தச் சாகசங்களில் எனக்கு அவ்வளவு அக்கறையில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறு விஷயம். பீச்சல் நின்றால் திசையும் போய்விடுகிறது. சுக்கான் வைத்த படகில் எஞ்சினை அணைத்தாலும், ஓட்டம் மிச்சமிருக்கும்வரை சுக்கான் கொஞ்சமாவது சொன்னபடி கேட்கும். ஜெட் படகில் விசையை விட்டபின் கையிலிருப்பது அநேகமாக வெறும் சக்கரம். எதிரே பாறை வருகிறது. பயந்தவனின் கால் தன்னையறியாமல் பெடலிலிருந்து எழுகிறது. படகோ மிச்ச வேகத்தில், பழைய நேர்கோட்டிலேயே, பாறையை நோக்கிப் போகிறது. இதே அமைப்புள்ள சிறு நீர் ஸ்கூட்டர்களின் விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1998இல் இதைத் தனியொரு பிரச்னையாக எடுத்துப் பேசியது.

நமக்குக் கிடைத்திருக்கும் ஒழுக்கப் போதனைகளில் பெரும்பகுதி விசையைக் குறைக்கச் சொல்பவை. சந்தேகமானால் பேசாதே, கோபம் வந்தால் ஒதுங்கு, நிச்சயமில்லாத இடத்தில் கையை எடுத்துவிடு. செய்யாமலிருப்பது குற்றமற்றது என்ற நம்பிக்கை இவற்றின் அடியில் கிடக்கிறது. நாம் கையை எடுத்தால் காரியமும் நின்றுவிடும் என்று அது வைத்துக்கொள்கிறது. காரியம் நிற்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கிளையில் ஒரு நாள் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் மேல் சந்தேகம் விழுந்தது. அன்று மதியம் காஷ் கவுண்டருக்குள் யார் போய்வந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு விவரம் தெரிந்திருந்தது. அது அவனைக் காப்பாற்றுமா, இன்னொருவரை அநியாயமாக மாட்டிவிடுமா என்று நிச்சயமில்லை. விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்தேன். அதை நடுநிலை என்று நினைத்துக்கொண்டேன். விசாரணை ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசையிலேயே போய் முடிந்தது. நான் கையை எடுத்ததால் எதுவும் நிற்கவில்லை. திருப்புவதற்கு இருந்த ஒரே வாய்ப்பு மட்டும் போயிற்று.

அப்படியானால் எப்போதும் விசையை அழுத்துவதுதான் ஒழுக்கமா? அதுவும் அபாயமான பேச்சு. அழுத்தியபடி தப்பாகத் திருப்பினால் பாறையில் இன்னும் பலமாக மோத நேரும். அழுத்திக்கொண்டே திருப்புவது ஒரு பயிற்சி. பாறை தெரிந்த பிறகு அதைக் கற்க நேரமில்லை.

அதனால்தான் பருவத்துக்கு முந்தைய வேலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெற்குத் தீவில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குளிர்காலம். படகு ட்ரெய்லரில் ஏறிக் கொட்டகைக்குள் நிற்கிற காலம் ஸ்டீயரிங்கைக் கவனிக்கத் தோதானது. கேபிள் துருப்பிடித்திருக்கும், புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும், சக்கரம் இரண்டு விரற்கடை திரும்பிய பிறகே நாசில் அசையும். எண்ணத்துக்கும் காரியத்துக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு விரற்கடையை ஒழிப்பதற்குத்தான் புதுக் கேபிளும், சிலர் மாட்டும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும். சிலவகை ஜெட் படகுகளில் நாசிலோடு சேர்ந்து திரும்பும் துடுப்பு போன்ற தகடுகளையும் பொருத்துகிறார்கள். விசை இல்லாதபோதும் அவை ஓரளவு திருப்பும். ஆனால் தகடு நீரில் இழுக்கும், ஆழமில்லாத இடத்தில் கல்லில் தட்டும். ஒன்றும் தொங்காமலிருக்கப் பிறந்த படகில் ஏதோ ஒன்று மறுபடி தொங்க ஆரம்பிக்கிறது.

இதை வெறும் சமரசம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தகடு பொருத்துபவன் தன்னைப் பற்றி ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறான்: அந்தக் கணத்தில் என் கால் எழுந்துவிடும். தன் கோழைத்தனத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து, அதற்கு ஒரு விலையும் கொடுக்கிறான். தைரியசாலியாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்பவனைவிட இவன் நேர்மையானவன் என்றே சொல்வேன்.

ஒரு சிக்கல் பாக்கியிருக்கிறது. கொட்டகையில் சக்கரத்தைத் திருப்பினால் நாசில் அழகாகத் திரும்புகிறது. தண்ணீருமில்லை, விசையுமில்லை, எல்லாம் சொன்னபடி கேட்கிறது. நாம் எழுதுகிற கட்டுரைகளில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. இனி அப்படி ஒரு விசாரணை வந்தால், முதல் கேள்விக்கு முன்பே எனக்குத் தெரிந்ததை, அதன் நிச்சயமின்மையையும் சேர்த்து, சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இதுவும் கொட்டகையில் எடுத்த தீர்மானம்தான்.