இல்லத்திற்குக் காவல் யார்?



கயாசீசக் குன்றில் பகவன் புத்தர் ஆயிரம் பிக்குகளுக்கு உபதேசம் செய்தருளினார். அவர்கள் முன்னாளில் தீ வளர்த்து வழிபட்ட சடிலர்கள். வேட்கை, வெறுப்பு, மயக்கம் என்னும் முத்தீயால் யாவும் எரிகின்றன என்று அவர்களுக்கு உணர்த்தினார்.

அகத்தீயை அறிந்த நாம் இல்லத்தீயை மறக்கலாமா? தீப்பற்றிய வீட்டில் சுடரினும் புகையே மிகுதியாக உயிர் குடிக்கிறது. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்து, குமுட்டி அடுப்பை எரியவிட்டு உறங்குவோரைக் கார்பன் மோனாக்சைடு வாயு கொல்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. மயக்கமும் அத்தகையதே. வெறுப்பு சுடர்விட்டுத் தன்னைக் காட்டிவிடும், மயக்கம் காட்டாது.

நாம் உழைத்த பஞ்சாலையில் பீடி கொளுத்த எவரும் துணியார்; மேற்பார்வையாளர் நின்றிருப்பார். இல்லத்திற்கு மேற்பார்வையாளர் யார்? நம் விழிப்பே. ததாகதர் இறுதியாக அருளிய அறிவுரையும் விழிப்புடைமையே அன்றோ?

ஆகவே, புத்தர் திருவுருவின் முன் ஏற்றிய விளக்கை எரியவிட்டு உறங்காதீர்கள். விளக்கை அணைத்தால் குற்றம் என்பது பழைய அச்சம். தீட்சை பெற்ற அன்றே அதனைக் களைந்தோம். புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து தவழ்ந்து வெளியேறுங்கள். தூய காற்று அங்கேதான் எஞ்சியிருக்கும். பொருளை நாடித் திரும்பாதீர்கள். பொருளைப் பின்னர் ஈட்டலாம். உயிரை ஈட்ட இயலாது.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க!