சஷ்டி விரதத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திக்கலாமா?

ஓம் சரவண பவ 🙏



சஷ்டி நெருங்கினாலே குரூப்புல மூணு கேள்வி தவறாம வந்துடும். "ப்ரோ, அன்னைக்கு ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, விரதத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திக்கலாமா?" "வீட்டு காலண்டர்ல இன்னைக்குன்னு போட்டிருக்கு, ஆப்ல நாளைக்குன்னு காட்டுது, எது சரி?" "போன மாசம் விட்டுப்போச்சு, முருகன் கோவிச்சுக்குவாரா?"

மூணுக்கும் அடியில இருக்கிறது ஒரே கேள்விதான். விரதத்துக்கு நாள் முக்கியமா, மனசு முக்கியமா?

"மனசுதான் முக்கியம்"னு சட்டுனு சொல்லிடலாம். எல்லாரும் ஹார்ட் போடுவாங்க. ஆனா அது பாதி பதில்தான்னு எனக்குத் தோணுது.

முதல்ல திதின்னா என்னன்னு பார்த்துடுவோம். அமாவாசை அன்னைக்கு சூரியனும் சந்திரனும் வானத்துல ஒரே திசையில இருக்கும். அப்புறம் சந்திரன் சூரியனை விட்டு விலகிப் போகும். 12 பாகை விலகினா ஒரு திதி. 60 பாகையிலிருந்து 72 பாகை வரைக்கும் வளர்பிறை சஷ்டி. ஒரு சுற்றுக்கு மொத்தம் 30 திதி. சந்திரன் எப்பவும் ஒரே வேகத்துல போறதில்லை. அதனால ஒரு திதி சுமார் 20 மணி நேரத்துலயும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலயும் நீளலாம். நம்ம கடிகாரத்தோட நள்ளிரவு 12 மணிக்கும் திதிக்கும் சம்பந்தமே கிடையாது.

சூரசம்ஹாரம் நடந்த தேதிகளைப் பாருங்க. 2022ல அக்டோபர் 30. 2023ல நவம்பர் 18. 2024ல நவம்பர் 7. 2025ல அக்டோபர் 27. கடைசி மூணையும் கவனிச்சா, ஒவ்வொரு வருஷமும் சரியா 11 நாள் முன்னாடி வந்திருக்கு. பன்னிரண்டு சந்திர மாசம் சேர்ந்தா சுமார் 354 நாள்தான், அந்தக் குறைதான் இந்த 11. குறை சேர்ந்து சேர்ந்து ஒரு மாசம் அளவுக்கு ஆகும்போது, ஒரு அதிக மாசம் வந்து கணக்கை நேர் பண்ணும். 2023ல அப்படி ஒண்ணு வந்ததாலதான் முந்தின வருஷத்தைவிட 19 நாள் தள்ளிப் போச்சு.

அந்த நாலு நாளும் ஞாயிறு, சனி, வியாழன், திங்கள்னு நாலு கிழமையில விழுந்துச்சு. யாரோட லீவு காலண்டரையும் கேட்டுட்டு வரல.

விஷயம் இங்கதான் இருக்கு. நாம கிட்டத்தட்ட எல்லாத்தையும் நம்ம வசதிக்கு மாத்தி வெச்சுட்டோம். மீட்டிங்கைத் தள்ளி வைக்கலாம். சாப்பாட்டை உட்கார்ந்த இடத்துக்கு வரவழைக்கலாம். படத்தைப் பாதியில நிறுத்திட்டு நாளைக்குப் பார்க்கலாம். சந்திரன் மட்டும் நமக்காக ஒரு நிமிஷம்கூட நிக்காது.

விரதம்ங்கிற சொல்லுக்கே உறுதி எடுத்துக்கறதுன்னுதான் பொருள். பசி அதுல ஒரு பகுதி, அவ்வளவுதான். வேலை இல்லை, அலைச்சல் இல்லை, மதியம் தூங்கிக்கலாம்னு நானே பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துப் பட்டினி இருந்தா, உடம்புக்கு நல்லதாக்கூட இருக்கலாம். ஆனா அந்த நாள்ல "என் இஷ்டம்"தான் ஜெயிச்சிருக்கு. அந்த "என்"னை ஒரு நாளாவது கீழே இறக்கி வைக்கத்தானே விரதம்? சூரன்னா ஆணவம்னு பெரியவங்க சொல்றாங்க. ஆணவம் எப்பவும் கோபமா, கத்திக்கிட்டு வராது. "எனக்கு வசதியான நாள்ல கும்பிட்டுக்கறேன்"னு ரொம்ப நியாயமா பேசிக்கிட்டும் வரும்.

இன்னொண்ணும் இருக்கு. சஷ்டி நம்ம ஒருத்தரோட நாள் இல்லை. திருச்செந்தூர் கடற்கரையில கூடுற கூட்டம், ஆறு நாளும் ஒரு வேளை பால் பழத்தோட வேலைக்குப் போற அக்கா, ஊர்ல திண்ணையில உட்கார்ந்து கவசம் படிக்கிற தாத்தா, எல்லாரும் ஒரே நாள்ல பசியோட இருக்காங்க. ஆளுக்கொரு நாளா மாத்திக்கிட்டா அந்தச் சேர்ந்த பசி இருக்காது.

"முருகனுக்குக் காலண்டர் எதுக்கு, என்னைக்குக் கூப்பிட்டாலும் வருவாரே"ன்னு கேட்கலாம். சத்தியமா வருவார். நாள் அவருக்குத் தேவையில்லை. என்னைக்கு வேணும்னாலும் கும்பிடலாம்னு விட்டா, என்னைக்குமே கும்பிடாம போற நமக்குத்தான் தேவை.

கிழமை கணக்குலதான் வசதிப்படும்னா அதுக்கும் நம்ம மரபுல வழி இருக்கு. முருகனுக்குரிய விரதம் மூணு. வெள்ளிக்கிழமை கிழமையை வெச்சு வருது, கார்த்திகை நட்சத்திரத்தை வெச்சு, சஷ்டி திதியை வெச்சு. உங்களால எது முடியுமோ அதை எடுத்துக்கங்க. எடுத்த பிறகு அது போற வழியில நாம போகணும்.

அடுத்து, எந்தக் காலண்டர் சரி? வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியக் கணக்குல போகுது, திருக்கணிதம் கிரகங்களோட இன்றைய நிலையைக் கணக்கிட்டுப் போகுது. ரெண்டுக்கும் நடுவுல சில மணி நேரம் வித்தியாசம் வரும், சில சமயம் அது ஒரு நாளாவே ஆயிடும். வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு இன்னும் சிக்கல். திதி மாறுற கணம் உலகம் பூரா ஒண்ணுதான், ஆனா சூரிய உதயம் ஊருக்கு ஊர் வேற. சென்னையில வியாழக்கிழமை உதயத்துல இருக்கிற திதி, கலிபோர்னியாவுல புதன்கிழமை உதயத்துலயே வந்திருக்கலாம்.

இதுக்காகச் சண்டை வேண்டாம். வீட்டுல பின்பற்றுறதையோ, நீங்க போற கோயில்ல பின்பற்றுறதையோ ஒண்ணை எடுத்துக்கங்க. ரெண்டுலயும் நாளை முடிவு பண்ணினது நீங்க இல்லை, அது போதும். ஆனா இந்த மாசம் வாக்கியம் வசதி, அடுத்த மாசம் திருக்கணிதம் வசதின்னு மாறி மாறிப் போனா, அது திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை கணக்குதான் 😊

இப்போ விட்டுப்போனவங்களுக்கு. உடம்பு முடியல, மாத்திரை சாப்பிடணும், கர்ப்பமா இருக்கீங்க, ஆஸ்பத்திரியில அம்மாவுக்குத் துணையா இருக்கீங்கன்னா சாப்பிடுங்க. அங்கேயும் உங்க இஷ்டம் ஜெயிக்கல. உங்களை மீறின ஒண்ணுக்குத்தான் வழி விட்டிருக்கீங்க. மனசுல ஒரு தடவை "முருகா"ன்னா போதும்.

கடைசியா ஒண்ணு, இது ரொம்ப முக்கியம். "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்"னு சொல்லிச் சொல்லி, குழந்தைக்காக வருஷக்கணக்கா விரதம் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! அவங்ககிட்ட போய் "நீ தப்பான திதியில இருந்திருப்ப"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. "இந்த நாளைத் தவறவிட்டால்"னு பயமுறுத்துற ஃபார்வர்டையும் அனுப்பாதீங்க. நாள் நம்மைப் பணிய வைக்க வந்தது. அதை வெச்சு அடுத்தவங்களை அடிக்கக் கூடாது.

அடுத்த வளர்பிறை சஷ்டி அன்னைக்கு சாயங்காலம் போனைக் கீழே வெச்சுட்டு மொட்டை மாடிக்குப் போங்க. கால் பங்குக்குக் கொஞ்சம் மேல ஒளியோட மேற்குப் பக்கம் நல்ல உயரத்துல பிறை நிக்கும். ஆப் எதுவும் இல்லாத காலத்துல நம்ம பாட்டிங்க பார்த்த காலண்டர் அதுதான். இன்னைக்கும் அது யார் வசதிக்கும் நகரல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚